சென்னையிலிருந்து கலிபோர்னியா: ஜெட் லேக்கைச் சமாளிக்க ஒரே ஒரு கணக்கு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மே மாத நடுவில் இரண்டு வார விடுமுறைக்குச் சென்னையிலிருந்து துபாய் வழியாக சான் ஃபிரான்சிஸ்கோ போகிறீர்கள். கூட வருபவர்கள் கணவர், 7 வயது மகள், 68 வயது மாமியார். மாமியாருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு, இரண்டுக்கும் மாத்திரைதான். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள சன்னிவேலில் தம்பி வீட்டில் தங்கி, நடுவில் கார் வாடகைக்கு எடுத்து யோசமிட்டி தேசியப் பூங்காவும் லாஸ் ஏஞ்சலஸும் பார்க்கத் திட்டம். போய் வந்தவர்கள் எல்லோரும் ஒரு வாரம் தூக்கம் கெட்டுப்போனது என்று பயமுறுத்துகிறார்கள். இதற்கு மாத்திரை உண்டா, விமானத்தில் எப்போது தூங்குவது, குழந்தையை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாத்திரையைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். ஜெட் லேக்கில், அதாவது நெடுந்தூரம் பறந்தபின் உடல் புது ஊர் நேரத்துக்கு உடனே பழகாமல் தவிப்பதில், நம் கையில் இருக்கும் வலுவான மருந்து வெளிச்சம்தான். அது எந்த நேரத்தில் கண்ணில் படுகிறது என்பதைப் பொறுத்து உதவவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். "போய் இறங்கினதும் நல்லா வெயில்ல சுத்துங்க, சரியாயிடும்" என்று பலரும் சொல்வது பாதிதான் சரி. எத்தனை மணி வெயில் என்று பார்க்காமல் சுற்றினால் உடல் நாம் நினைக்கிற பக்கத்துக்கு நேர் எதிராக நகரக்கூடும். அந்த நேரத்தைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கணக்குப் போட்டால் போதும். அதைப் புரிந்துகொண்டால் எந்த ஊருக்கும் நீங்களே திட்டம் போட்டுக்கொள்ளலாம் என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. தூக்கம், உடல் சூடு, ஹார்மோன் சுரப்பு என்று உடம்பில் நடக்கும் பல வேலைகளுக்கு நேரம் சொல்வது அதுதான். வெளியே பகலா இரவா என்று தெரியாவிட்டாலும் அது தன் போக்கில் ஓடும். புளியமரத்தின் இலைகள் சாயங்காலம் கூம்பி, காலையில் விரிவதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டாற்சிணுங்கியும் அந்த வகைதான். 1729-ல் டி மைரான் என்ற பிரெஞ்சு அறிஞர் இப்படிப்பட்ட ஒரு செடியை இருட்டில் வைத்துக் கவனித்தார். வெயிலே படாதபோதும் இலைகள் நேரத்துக்கு விரிந்தன, நேரத்துக்கு மூடின. உயிருக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது என்பதற்கு அது ஒரு பழைய சான்று. அந்தக் கடிகாரம் அணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்ததற்காக ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மனிதக் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி 10 நிமிடம் என்று சொல்லலாம். 24 மணியைவிடச் சற்றே நீளம். அதனால்தான் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் பிந்தித் தூங்குவது நமக்கு எளிதாக வருகிறது, இரண்டு மணி நேரம் முந்திப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. மேற்கே பறந்தால் உடல் பிந்த வேண்டும், கிழக்கே பறந்தால் முந்த வேண்டும். மேற்குப் பயணத்தில் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் நகரும். கிழக்கில் ஒரு மணி நேரம்தான். ஆளுக்கு ஆள் இது மாறும். ஆனாலும் திட்டம் போட இந்த இரண்டு எண்கள் போதும்.

இந்தக் கடிகாரத்தைத் தினமும் திருத்துவது கண் வழியாக வரும் வெளிச்சம். விழித்திரையில் பார்வைக்கென்று இருக்கும் அணுக்கள் தவிர, வெளிச்சத்தின் அளவை நேராக மூளைக் கடிகாரத்துக்குச் சொல்லும் தனி அணுக்களும் உண்டு. நீல நிறம் கலந்த ஒளி அவற்றை அதிகம் தூண்டும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய பகலில்கூட வெளியே 10,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும், நல்ல வெயிலில் அது 1,00,000-ஐத் தொடும். ஜன்னலோரம் உட்கார்வதும் வாசலுக்கு வெளியே நடப்பதும் ஒன்றில்லை என்பது இதிலிருந்து தெரியும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னால் நம் உடல் சூடு ஆகக் குறைந்த நிலைக்குப் போகும். சென்னையில் 6 மணிக்கு எழுபவருக்கு அது அதிகாலை மூன்றரை மணி என்று வையுங்கள். உடலின் நடுநிசி அது. அந்தப் புள்ளிக்கு முந்தைய சில மணி நேரங்களில் கண்ணில் வெளிச்சம் பட்டால் கடிகாரம் பிந்தும். அதற்குப் பிந்தைய சில மணி நேரங்களில் பட்டால் கடிகாரம் முந்தும். புள்ளிக்கு அருகில் இருபுறமும் இந்த விளைவு மிக வலுவாக இருக்கும். ஆகவே புது ஊருக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி: நம்மூர் அதிகாலை மூன்றரை, அந்த ஊரில் எத்தனை மணி?

மே மாதத்தில் கலிபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. (மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அப்படி, குளிர்காலத்தில் பதின்மூன்றரை.) நம் அதிகாலை மூன்றரை அங்கே முந்தைய நாள் மதியம் 3 மணி. முதல் நாட்களில் அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அந்தத் தாங்கமுடியாத அசதிக்கும், எதற்கென்று தெரியாத எரிச்சலுக்கும் காரணம் இதுதான். உங்கள் உடம்புக்கு அது அகால வேளை.

பன்னிரண்டரை மணி நேரம் என்றால் ஏறத்தாழ உலகின் மறுபக்கம். உடல் முந்தியும் போய்ச் சேரலாம், பிந்தியும் போய்ச் சேரலாம். பிந்துவதுதான் இயல்பாக எளிது என்பதால் அந்த வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியம் என்னவென்றால், எல்லோரும் ஒரே பக்கம் நகர வேண்டும். ஒரு நாள் காலை வெயில், மறுநாள் மாலை வெயில் என்று மாற்றி மாற்றிப் பட்டால் கடிகாரம் முன்னும் பின்னுமாக இழுபட்டு, இரண்டு வாரமும் அரைத் தூக்கத்திலேயே போய்விடும்.

பிந்துவதற்கு, அந்த 3 மணிப் புள்ளிக்கு முன்னால் வெளிச்சம் வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்கள் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணிக்குள் கட்டாயம் வெளியே இருங்கள். சன்னிவேலில் பூங்காக்களுக்குப் பஞ்சமில்லை. மகளை ஊஞ்சலில் விட்டுவிட்டு நீங்கள் நிழலில் உட்கார்ந்தாலும் போதும், திறந்த வெளியின் நிழலில்கூடப் போதிய வெளிச்சம் இருக்கும். மதியம் 3 மணிக்குமேல் வீட்டுக்குள் வந்துவிடுங்கள். வெளியே போயே ஆக வேண்டும் என்றால் நல்ல கருப்புக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளுங்கள். மே மாதம் அங்கே சூரியன் இரவு 8 மணிக்கு மேல்தான் மறையும். சாயங்காலம் 5 மணிக்கும் வெயில் பளிச்சென்று அடிக்கும், அதைப் பார்த்து "கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்று தோன்றும். முதல் மூன்று நாட்கள் மட்டும் அந்த ஆசையை அடக்குங்கள். புள்ளி தினமும் ஒன்றரை மணி நேரம் பின்னால் நகர்கிறது. இரண்டாம் நாள் நாலரை, மூன்றாம் நாள் 6, நான்காம் நாள் ஏழரை. ஐந்தாம் நாளுக்கு அது சூரியன் மறைவதற்கும் அப்பால் போய்விடும். அதற்குப் பிறகு மாலை நடை உங்களுக்கு நல்லதே செய்யும், தாராளமாகப் போகலாம். எட்டு, ஒன்பது நாட்களில் பெரும்பாலும் ஊர் நேரத்துக்கு வந்திருப்பீர்கள்.

இரண்டு வார விடுமுறையில் ஒன்பது நாள் இதிலேயே போகிறதே என்று மனம் தளர வேண்டாம். ஒன்பது நாளும் ஒரே மாதிரி இருக்காது, முதல் மூன்று நான்கு நாட்கள்தான் கடுமை. அந்த நாட்களின் காலை நேரங்கள் உண்மையில் உங்களுக்கு நன்றாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே காலை 9 மணி உங்கள் உடம்புக்கு இரவு ஒன்பதரை, இன்னும் தெம்பு இருக்கும். கோல்டன் கேட் பாலம், மியூர் வுட்ஸ் போன்ற அருகிலுள்ள இடங்களை முதல் வாரத்தின் காலைகளில் வைத்துக்கொள்ளுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் மே மாதக் காலையும் குளிரும், மூடுபனி வரும், ஸ்வெட்டர் வேண்டும். பனிமூட்டம் இருந்தாலும் வெளிச்சம் போதும். டிக்கெட் எடுத்து நாள் முழுக்கச் சுற்ற வேண்டிய யூனிவர்சல் ஸ்டூடியோஸ் மாதிரியானவற்றை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளுங்கள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் முதல் நான்கு நாட்களுக்கு மதியம் 12 மணிக்கும் இரவு 8 மணிக்கும் நடுவில் கார் ஓட்டவே கூடாது. யோசமிட்டிக்கு அங்கிருந்து சுமார் நான்கு மணி நேரப் பயணம், லாஸ் ஏஞ்சலஸுக்கு ஐந்தரை, ஆறு மணி நேரம் ஆகும். சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகாதவர், உடம்புக்கு அதிகாலை மூன்று மணி, கண்ணெதிரே நேர்கோடாகப் போகும் நெடுஞ்சாலை. இந்த மூன்றும் சேர்ந்தால் கண் அசர ஒரு நொடி போதும். காபி குடித்தால் சமாளிக்கலாம் என்பார்கள். காபி தூக்க உணர்வை மறைக்குமே தவிர, சில நொடிகள் தன்னை அறியாமல் கண் மூடுவதை முழுதாகத் தடுக்காது. யோசமிட்டியை ஆறாம் நாளுக்குப் பிறகு வையுங்கள். அதற்கு முன் போயே தீர வேண்டுமென்றால் தம்பி ஓட்டட்டும்.

விமானத்துக்கு வருகிறேன். நம் ஊர்க்காரர்களின் ஜெட் லேக்கில் ஒரு பெரும் பங்கு, கிளம்புவதற்கு முந்தைய இரண்டு இரவுகளின் தூக்கமின்மை. பருப்புப் பொடி அரைத்து, வடாம் கட்டி, பெட்டியை எடை பார்த்து, மறுபடி பிரித்து, கடைசியில் அதிகாலை 4 மணி விமானத்துக்கு நள்ளிரவில் வீட்டைவிட்டுக் கிளம்பினால், துபாய் சேரும்போதே உடம்பு விழுந்துவிடும். பெட்டியை இரண்டு நாள் முன்பே பூட்டிவிடுங்கள். கிளம்பும் நாள் மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரை எல்லோரும் படுத்துவிடுங்கள், வழியனுப்ப வருபவர்களை முந்தின நாளே வரச் சொல்லுங்கள்.

துபாயில் உங்கள் விமானம் காலை 9 மணிக்குக் கிளம்புகிறது என்றீர்கள். அப்போது சன்னிவேலில் முந்தைய நாள் இரவு 10 மணி. உங்களுக்கு இது அதிர்ஷ்டமான நேரம். ஏற்கெனவே ஓர் இரவு சரியாகத் தூங்காமல் வந்திருப்பீர்கள், ஆகவே ஏறியதும் தூக்கம் தானாக வரும். கொடுக்கும் முதல் சாப்பாட்டில் கொஞ்சம் சாப்பிட்டு, கண்பட்டி கட்டிக்கொண்டு, முதல் ஏழு மணி நேரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூங்குங்கள். படம் பார்ப்பதைப் பிற்பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாதியில் விழித்திருந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவில்லை என்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். வடதுருவப் பக்கமாகப் போகும் பாதையில் மே மாதம் வெளியே பெரும்பாலும் வெளிச்சம்தான். அந்த நேரத்து வெளிச்சம் உங்களைச் சரியான பக்கம் தள்ளும். 16 மணி நேரம் கழித்து, துபாயில் கிளம்பிய அதே தேதியில் மதியம் 2 மணிக்கு இறங்குவீர்கள்.

விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதைப் போன்றது. கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம், ஆனால் ஊட்டியின் ஈரம் மட்டும் இருக்காது. காற்று மிகவும் வறண்டது. தலைவலி, தொண்டை வறட்சி, வயிற்று உப்புசம் எல்லாம் இதனால் வருபவை. ஒரு நல்ல தூக்கத்தில் போய்விடும், ஜெட் லேக்குடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தண்ணீர் குடிக்க வேண்டியது அவசியம். ஆனால் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் ஜெட் லேக் வராது என்பதில் உண்மையில்லை, தண்ணீரால் மூளைக் கடிகாரத்தை நகர்த்த முடியாது. மாமியாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்பி நடக்க வையுங்கள், தூங்கிக்கொண்டிருந்தால் விழித்ததும் நடக்கட்டும். நான்கு மணி நேரத்தைத் தாண்டும் பயணங்களில் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். கால் வீக்கம், நரம்புச் சுருள் உள்ளவர்கள் அழுத்தக் காலுறை போடலாமா என்று முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இறங்கிய அன்று வீடு சேர மாலை 5 மணி ஆகிவிடும். குளித்து, சூடாக ரசம் சாதமோ இட்லியோ சாப்பிட்டு, இரவு 8, எட்டரை வரை தாக்குப்பிடிக்கப் பாருங்கள். முடியவே முடியாதவர் அலாரம் வைத்து அரை மணி நேரம் படுக்கலாம். மாமியாருக்கு ஒன்றரை மணி நேரம் வரை அனுமதிக்கலாம், அதற்குமேல் எழுப்பிவிடுங்கள். அடுத்த நாட்களிலும் மதியத் தூக்கத்துக்கு இதே விதி. அலாரம் இல்லாமல் மதியம் 2 மணிக்குப் படுத்தால் உடம்பு அதை முழு இரவாக எடுத்துக்கொள்ளும், எழும்போது மணி ஏழாகியிருக்கும், அன்றைய இரவு போயிற்று.

எப்படிப் படுத்தாலும் முதல் மூன்று நான்கு இரவுகள் ஒன்று, இரண்டு மணிக்கு விழிப்பு வரும். பசியும் எடுக்கும், ஏனென்றால் அங்கே இரவு 1 மணி நம் மதியச் சாப்பாட்டு நேரம். இதற்குத் தயாராக இருங்கள். வாழைப்பழமோ ஒரு கிண்ணம் தயிர் சாதமோ போதும், முழுச் சாப்பாடு வேண்டாம். ஈரலுக்கும் குடலுக்கும் தனித் தனிக் கடிகாரங்கள் இருக்கின்றன, அவை சாப்பாட்டு நேரத்தைப் பார்த்தே தங்களைத் திருத்திக்கொள்ளும். நள்ளிரவில் விருந்து வைத்தால் அவை சென்னை நேரத்திலேயே நின்றுவிடும், மலச்சிக்கலும் நெஞ்சு எரிச்சலும் நீடிக்கும். விழித்தவுடன் விளக்கைப் போடாமல் இருபது முப்பது நிமிடம் படுத்தே இருங்கள். பிறகும் தூக்கம் வராவிட்டால் மங்கலான மஞ்சள் விளக்கில் ஏதாவது படிக்கலாம். இங்கேதான் நம்மவர்கள் எல்லோரும் விழும் குழி இருக்கிறது. இரவு 2 மணிக்குச் சென்னையில் பிற்பகல் இரண்டரை. அக்கா, சித்தி, சம்பந்தி எல்லோரும் விழித்திருப்பார்கள், வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போடத் தோன்றும். முகத்துக்கு நேரே ஒளிரும் திரை, சத்தமான பேச்சு, சிரிப்பு, அடுத்து வீட்டில் எல்லோரும் எழுந்து காபி. அந்த வீடியோ கால்களை அங்கே காலை 7 மணிக்குப் பேசுங்கள், சென்னையில் இரவு ஏழரை, அவர்களுக்கும் வசதி.

காபியை விடச் சொல்லவில்லை. குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே மதியம் 1 மணிக்கு மேல் வேண்டாம். நம் வீடுகளில் சாயங்காலக் காபி ஒரு சடங்கு மாதிரி என்பது தெரியும். அந்த ஒரு வாரம் மாமியாருக்கு அதே டபராவில் பால் கொடுங்கள்.

இனி மாத்திரை. இருட்டியதும் மூளையில் சுரக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோனை மாத்திரையாகவும் எடுக்கலாம். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர மண்டலங்களைக் கடப்பவர்களுக்கு, போன ஊரின் படுக்கை நேரத்தையொட்டி எடுத்தால் ஜெட் லேக் குறைகிறது என்பது பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2002-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வின் முடிவு. அரை மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராம் வரை கடிகாரத்தை நகர்த்துவதில் பெரிய வித்தியாசமில்லை, கூடிய அளவில் தூக்கம் சீக்கிரம் வரும், அவ்வளவுதான். உங்களுக்கும் கணவருக்கும் அரை முதல் 3 மில்லிகிராம், அங்கே இரவு 10 மணிக்கு, முதல் நான்கைந்து இரவுகள் போதும். உங்கள் உடம்புக்கு அந்த 10 மணி காலைப் பொழுது. அந்த நேரத்தில் எடுக்கும் மெலட்டோனின் கடிகாரத்தைப் பிந்தவைக்கும், நாம் தேர்ந்தெடுத்த வழிக்கும் அது ஒத்துப்போகிறது. அமெரிக்காவில் இது மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும், மிட்டாய் மாதிரி கம்மிகளாகவும் விற்கிறார்கள். கம்மிகளை வாங்க வேண்டாம். 2023-ல் அப்படி 25 கம்மிகளைச் சோதித்துப் பார்த்ததில் 22-ல் அட்டையில் போட்டிருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. ஒன்றில் மெலட்டோனினே இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாமியாருக்கும் அவருடைய பிரஷர் மாத்திரை எதுவென்று பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தூக்க மாத்திரைகள் வேறு விஷயம். அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவற்றை விமானத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அவை தூங்கவைக்கும், கடிகாரத்தைச் சீராக்காது. மடங்கிய காலோடு அசையாமல் மணிக்கணக்கில் கிடப்பதால் ரத்தம் உறையும் அபாயம் கூடும். வயதானவர்கள் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது தடுமாறி விழுகிறார்கள். அதோடு விமானத்தில் தரும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து. மாமியாருக்கு வேண்டவே வேண்டாம்.

குழந்தைக்குச் சளி மருந்து கொடுத்துத் தூங்கவைக்கச் சொல்லும் உறவினர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். சில குழந்தைகள் அந்த மருந்தில் தூங்குவதற்குப் பதிலாகத் துள்ளிக் குதிக்கத் தொடங்குவார்கள். புரோமெத்தசின் கலந்த மருந்துகள் 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூச்சையே நிறுத்திவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் உண்டு. உங்கள் மகள் இரவு 2 மணிக்கு எழுந்தால் திட்டாமல், மங்கலான வெளிச்சத்தில் வண்ணம் தீட்டவோ கதை கேட்கவோ விடுங்கள். டேப்லெட்டைக் கையில் கொடுக்க மட்டும் வேண்டாம். காலையில் எவ்வளவு தூக்கத்தில் இருந்தாலும் 8 மணிக்கு எழுப்பி வெளியே கூட்டிப்போங்கள். உங்களுக்குச் சொன்ன பகல் விதிதான் அவளுக்கும். குழந்தைகள் பெரும்பாலும் நம்மைவிடக் குறைவாகவே அலட்டிக்கொள்வார்கள்.

மாமியாரின் மாத்திரைகளில்தான் உண்மையான கவனம் தேவை. எல்லா மருந்தும் கைப்பையில் இருக்கட்டும், மருந்துப் பெயர்கள் தெளிவாக அச்சிட்ட டாக்டர் சீட்டுடன். சர்க்கரைக்கு கிளிமெபிரைட் வகை மாத்திரை எடுப்பவர் என்றால், அதைச் சாப்பாட்டோடு கட்டுங்கள், கடிகாரத்தோடு கட்டாதீர்கள். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாடு வராமல் தூங்கிவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். கையில் குளுக்கோஸ் மிட்டாயும் சோதிக்கும் கருவியும் இருக்கட்டும். முதல் வாரம் இரவில் வியர்வையோ படபடப்போ வந்தால், ஜெட் லேக் என்று நினைத்து விட்டுவிடாமல் உடனே சோதித்துப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் யாராவது இதைப் படித்தால்: அதைச் செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள், உறைந்து கெட்டுவிடலாம். பயண நாளின் அளவை டாக்டர் எழுதித் தராமல் நீங்களாக மாற்றவும் வேண்டாம்.

வேறு ஊர்களுக்கும் இதே கணக்குதான் என்றேன். கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். நம் மூன்றரை அங்கே இரவு 11. அதற்கு முந்தைய மாலை வெளிச்சம் வேண்டும், ஜூனில் அங்கே ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும் என்பதால் பெரிதாக முயற்சி எடுக்காமலே சரியாகிவிடும். டோக்கியோ மூன்றரை மணி நேரம் முன்னால்; புள்ளி காலை 7 மணியில் விழுகிறது. ஜூனில் அங்கே நாலரைக்கெல்லாம் விடிந்துவிடும், அந்த அதிகாலை வெளிச்சம் உங்களைத் தவறான பக்கம் தள்ளும். திரையை இறுக்க மூடித் தூங்கி, 7 மணிக்குப் பிறகு வெளியே போக வேண்டும். ஜூனில் சிட்னி என்றால் புள்ளி காலை 8 மணி, நடைப்பயிற்சி 9 மணிக்கு மேல்.

திரும்பி வருவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலருக்கும் அதுதான் கஷ்டம். போகும்போது விடுமுறை உற்சாகம் இருக்கும், வரும்போது மறுநாளே ஆபீஸ். மே கடைசியில் சென்னை திரும்பும்போது உங்கள் புள்ளி மாலை 4 மணிக்கு விழும். மறுபடியும் பிந்தும் வழிதான் எளிது: காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை வெளிச்சம் வேண்டும். கத்திரி வெயில் அப்போதுதான் முடிந்திருக்கும், அந்த நேரத்தில் வெளியே நிற்கச் சொல்ல மாட்டேன். பால்கனியிலோ வாசல் திண்ணையிலோ நிழலில் உட்கார்ந்தால் போதிய வெளிச்சம் கிடைக்கும். பகலில் திரையை மூடி ஏசி அறைக்குள் படுத்துக்கிடப்பதுதான் ஆளை இரண்டு வாரம் படுக்கையில் போடுகிறது. பள்ளி திறப்பதற்கு நான்கைந்து நாள் முன்னதாகவே வந்துவிடும்படி டிக்கெட்டை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். கணவர் முதல் சில நாட்கள் ஆபீஸிலிருந்து பைக்கில் திரும்ப வேண்டாம், மாலை 4 முதல் 7 வரை அவருக்கு அது நடு இரவு. மெட்ரோவோ ஆட்டோவோ போதும். மாமியாரின் மாத்திரை நேரம் திரும்பி வந்ததும் இன்னொரு முறை மாற வேண்டும். அதனால் கிளம்பும் முன் டாக்டரைப் பார்க்கும்போதே போவதற்கும் வருவதற்குமாக இரண்டு அட்டவணைகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.